லீவு நாளில் அடித்த மணி

ராத்திரியில் ஆடுசதை இழுத்துக்கொள்கிறது, கட்டிலை விட்டு எழுந்து குதிக்க வேண்டியிருக்கிறது என்று போன வாரம் டாக்டரிடம் போனேன். குளுவாங்குக்குப் புதிதாக வந்திருக்கும் பையன். மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. ஆனாலும் கைராசிக்காரர் என்று பேசிக்கொள்கிறார்கள். வெள்ளை மாத்திரை கொடுத்தார். வீட்டுக்கு வந்து நாக்கில் வைத்தேன். நம்ப மாட்டீர்கள், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் நாக்கு மறக்கவில்லை. கொய்னா! காட்டுக் காய்ச்சலுக்கு, அதுதான் இந்த மலேரியாவுக்கு, நாங்கள் தின்ற கொய்னாவை இப்போது கால் இழுப்புக்குக் கொடுக்கிறார்களாம்.

கசப்புகூடப் பரவாயில்லை. மறுநாள் விடியுமுன் விழித்தபோது காது இரண்டிலும் 'ஙொய்' என்று ஓர் இரைச்சல். தெருவில் வண்டி இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணை ஏற்றிப் போகும் ஃபேக்டரி பஸ்ஸைக் காணோம். அடுப்படியில் விளக்கு எரியவில்லை. எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள், நான் ஒருத்தி தூங்கிப்போய்விட்டேன் என்று அலறியடித்து வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றுவிட்டேன். மருமகள் பதறி ஓடி வந்தாள். "என்ன அத்தை, இருட்டுல நிக்கிறீங்க? சுல்தான் பொறந்தநாள் லா இன்னிக்கு. எல்லாருக்கும் லீவு!"

லீவு என்றால் ஊருக்கே சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த வார்த்தையைக் கேட்டால் பயமாக இருக்கும். சிரிக்காதீர்கள். கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சிரிக்கலாம்.

லாயாங் லாயாங் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டித் தடத்தில் வெகுதூரம் உள்ளே போனால் எங்கள் தோட்டம் வரும். துரைமார் அதற்கு வைத்த பெயர் எங்கள் வாயில் நுழையாது. மரப்பாலத் தோட்டம் என்றுதான் சொல்வோம். லயத்து வீடுகள் ஒரு பக்கம். அதைத் தாண்டினால் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகை. அதற்கப்பால் ஓடை, ஓடைக்கு மேல் மரப்பாலம், பாலத்தைத் தாண்டினால் ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் புகைக்கூடு. சுற்றிலும் பால்மரம். பால்மரத்துக்கும் பின்னால் காடு. காடென்றால் நிஜக் காடு. கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து ஆட்கள் அங்கே இருக்கும் புலியைப் பேர் சொல்ல மாட்டார்கள், 'டத்தோ' என்று மரியாதையாகச் சொல்வார்கள். நாங்களும் அதையே பழகிக்கொண்டோம். மரியாதை கொடுத்தால் கடிக்காமல் விட்டுவிடும் என்ற நினைப்பு.

எங்கள் வீட்டுக்காரருக்குப் புகைக்கூட்டில் வேலை. ராத்திரி முழுக்க நெருப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் அதிகம் எரிந்தால் ஷீட் கருகும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். விடிகிற நேரத்தில்தான் வீட்டுக்கு வருவார். உடம்பெல்லாம் புகை வாசனை. கல்யாணமான புதிதில் எனக்கு அது தும்மலாக வரும். பிறகு அந்த வாசனை இல்லாமல் தலையணையே பிடிக்காமல் போயிற்று. அதை விடுங்கள், அது வேறு கதை.

நான் மரம் வெட்டுகிறவள். பால் வெட்டுதல் என்பதை நாங்கள் மரம் வெட்டுதல் என்றுதான் சொல்வோம். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் கோடாலியைத் தேடுவார்கள்! இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் தூளியில் போட்டுவிட்டு, வெளிச்சம் வருமுன் மரத்தடியில் நிற்க வேண்டும். பெரட்டுக்குக் கூப்பிட ஒரு மணி உண்டு. பேர்தான் மணி. ரயில் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கங்காணி இரும்புக் கம்பியால் அதை அடித்தால் பல் கூசும். அந்தச் சத்தத்துக்கு எழாத ஆள் கிடையாது.

அப்போது கஷ்டகாலம். ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய்விட்டது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றி, கப்பலேற்றி, ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் என்ன இருக்கிறது? இருந்திருந்தால் எதற்குக் கப்பலேறி வந்தோம்? அதனால் எல்லாருக்கும் ஒரே பயம். காய்ச்சல் என்று படுத்தால் பயம். மணி கேட்டு எழுந்திருக்கத் தாமதமானால் பயம். கங்காணி பெண்டாட்டி நம்மைப் பார்த்துச் சிரிக்காவிட்டாலும் பயம். யார் பேர் எப்போது அடிபடும் என்று தெரியாது.

அந்தக் காலத்தில் லீவு நாள் எத்தனை அபூர்வம் என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. தீபாவளி, பொங்கல், ராஜா என்று நாங்கள் சொல்லும் சுல்தான் பிறந்தநாள், வெள்ளைக்கார ராஜா பிறந்தநாள். நாங்கள் பார்த்தே இராத இரண்டு ராஜாக்களும் நீடூழி வாழ வேண்டும் என்று எங்கள் லயத்தில் வேண்டிக்கொண்டதுபோல அவர்கள் வீட்டிலேகூட யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள். அன்றைக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் வேண்டும். ஆண்கள் முகம் மழித்துக்கொள்வார்கள். பெண்கள் வெயில் ஏறிய பிறகு தலைமுழுகுவோம். பிள்ளைகளின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் முழுசாகப் பார்ப்பதே அன்றைக்குத்தான். என் பக்கத்து வீட்டு அஞ்சலை சொல்லுவாள், தன் பிள்ளைக்குக் கன்னத்தில் மச்சம் இருக்கிறது என்பதே ஒரு லீவு நாளில்தான் தெரிந்தது என்று. அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள்தான். ஆனாலும் அதில் பொய் அதிகமில்லை.

அப்படிப்பட்ட லீவில் ஒன்றைப் பறித்துக்கொண்டார்கள். முந்தின வருஷத்துத் தீபாவளி அது. மழையால் வேலை கெட்டுப்போன நாளுக்கு ஈடு என்று, விடியற்காலையில் மணி அடித்துவிட்டார்கள். தலையில் எண்ணெயோடு பெரட்டுக்களத்துக்கு ஓடினோம். எண்ணெய் வழிய வழிய மரம் வெட்டினோம். அன்றைக்குச் சாயங்காலம் முனீஸ்வரன் கோயிலில் எல்லாரும் கூடினார்கள். யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. துரை காதுக்குப் போனால் கப்பல்தான். தட்டில் சூடம் ஏற்றி, ஒவ்வொருவராக அதை அணைத்துச் சத்தியம் செய்தோம். இனிமேல் லீவு நாளில் மணி அடித்தால் எவரும் கதவைத் திறக்கக் கூடாது. தூங்குகிற மாதிரியே கிடக்க வேண்டும். ஒருத்தர் போனாலும் எல்லாரும் கெட்டோம். நானும் அணைத்தேன். உள்ளங்கை சுட்டது இன்னும் ஞாபகம்.

பொங்கலிலும் வெள்ளைக்கார ராஜா பிறந்தநாளிலும் மணி அடிக்கவில்லை. அதற்கடுத்து வந்த லீவு ராஜா பிறந்தநாள். அது வருவதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

காட்டுக் காய்ச்சல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாமலே போகட்டும். குளிர் வந்தால் கட்டில் ஆடும். சூடு வந்தால் ஆளே மாறிப்போகும். அந்த வருஷம்தான் எங்கள் லயத்தில் ஒருவர், பாவம், காய்ச்சல் தலைக்கேறிப் படுக்கையிலிருந்து எழுந்து போய் ஓடையில் இறங்கிவிட்டார். தண்ணீர் இடுப்பளவுதான். மூச்சில்லாமல் கிடந்தவரைக் கண்டெடுத்தபோது தூக்க ஆள் கூப்பிட வேண்டும் என்று அந்தத் தண்டவாளத்தைத்தான் அடித்தார்கள். அதனால் எனக்குக் காய்ச்சல் கண்டதிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் புகைக்கூட்டுக்குப் போகும்போது கதவை வெளியே கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போவார். காய்ச்சல் இறங்கிவிட்டது, இனிமேல் கட்டாதீர்கள் என்று நான்தான் சண்டை போட்டு நிறுத்தினேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் கொடுத்த கொய்னாவை மட்டும் நிறுத்தவில்லை. காதுக்குள் வண்டு குடியேறிவிட்டது. பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும்.

ஆக, நான் பெரட்டுக்குப் போகவில்லை. நாளைக்கு லீவு என்று கங்காணி பெரட்டில் சொன்னது எனக்குத் தெரியாது. சுவரில் காலண்டரா தொங்கியது?

அன்றைக்குக் கண் விழித்தபோது உடம்பு லேசாக இருந்தது. பசித்தது. சரி, பிழைத்துவிட்டோம் என்று சந்தோஷமாகக் கதவைத் திறந்தால், லயம் முழுக்க இருட்டு. ஒரு வீட்டில்கூட விளக்கில்லை, அடுப்புப் புகையில்லை. சுருக்கென்றது. எல்லாரும் போய்விட்டார்கள்! மணி அடித்திருக்கிறது, இந்தப் பாழாய்ப்போன காதில் விழவில்லை! இத்தனை நாள் படுத்தவள், இன்றைக்கும் போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் கப்பல்.

வாரிச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். அரிக்கேன் விளக்கு, வாளி, கத்தி, இடுப்பில் பிள்ளை. எங்கள் மூத்த மகள் அவள்தான். அப்போது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. தாமதமாகிறவர்கள் பெரட்டுக்களத்துப் பக்கம் போக மாட்டோம். கங்காணி வாயில் விழ வேண்டுமே. ஆயாக்கொட்டகை வழியாகக் குறுக்கே போய் என் மரவரிசையான நிரையில் புகுந்துகொண்டால், அவர் சுற்றி வரும்போது கெஞ்சிக் கூத்தாடிப் பேர் போட்டுக்கொள்ளலாம். அப்படியே செய்தேன்.

ஆயாக்கொட்டகை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். அத்தாப்பு ஓலைக் கூரை, அரைச்சுவர், உத்தரத்தில் வரிசையாகத் தூளிகள். கொட்டகை ஆயா எப்போதும் ஒரு மூலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டிருப்பாள். பிள்ளை அழுதால்தான் தலை நீட்டுவாள். அன்றைக்கும் மூலையில் கம்பளி சுருண்டு கிடந்தது. மற்றத் தூளிகளை ஏறிட்டுப் பார்க்க எங்கே நேரம்? தூங்குகிற பிள்ளையைத் தூளியில் போட்டு, "அக்கா, புள்ளயப் போட்டுட்டேன், பாத்துக்க," என்றேன். "ம்" என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. காதில் வண்டு கத்துகிறபோது நாம் எதிர்பார்க்கிற சத்தமெல்லாம் அதிலேயே கேட்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நிரைக்குப் போய் மளமளவென்று வெட்ட ஆரம்பித்தேன். பனி. மெல்ல வெளுக்கிற நேரம். வழக்கமாக அந்த நேரத்தில் பால்மரக் காடு முழுக்கச் சத்தம் இருக்கும். வாளி இடிக்கும், ஒருத்தி இருமுவாள், ஒருத்தி பாடுவாள், அஞ்சலை யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காதுதான் செத்துப்போயிற்றே என்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பக்கத்து நிரை அஞ்சலையுடையது. வெட்டி முடித்துவிட்டாளா, நான் எவ்வளவு பிந்தியிருக்கிறேன் என்று பார்ப்பதற்காக விளக்கைத் தூக்கிப் பிடித்தேன்.

அவள் மரத்தில் மங்கு கவிழ்ந்திருந்தது. பால் பிடிக்கிற சிரட்டையை நாங்கள் மங்கு என்போம். வேலை முடிந்தால் மழைத்தண்ணீர் விழாமல் கவிழ்த்துவிட்டுப் போவோம். காலையில் வெட்டினால்தான் நிமிர்த்துவோம். அடுத்த மரத்தைப் பார்த்தேன். அதிலும் கவிழ்ந்திருந்தது. அதற்கடுத்ததிலும். வெட்டுக்கோடு காய்ந்து கிடந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எட்டின வரைக்கும் எல்லா மங்கும் கவிழ்ந்தே இருந்தது. என்னுடையது மட்டும் நிமிர்ந்திருந்தது.

லீவு. அப்போதுதான் உறைத்தது. முதலில் வெட்கம்தான் வந்தது, பாருங்கள் அந்த வேடிக்கையை. ஐயோ, அஞ்சலைக்குத் தெரிந்தால் மானத்தை வாங்கிவிடுவாளே என்று. அடுத்த மூச்சில் பிள்ளை ஞாபகம் வந்தது. லீவு என்றால் ஆயா எங்கே வந்திருப்பாள்? அப்படியானால் அந்தக் கம்பளிக்குள் இருந்தது யார்?

அந்த ஓட்டத்தைப் பற்றி எனக்கு முழுசாக ஞாபகமில்லை. வாளியை எங்கே போட்டேன், தெரியாது. விளக்கு எங்கே அணைந்தது, தெரியாது. ஆள் நடமாட்டம் இல்லாத நாளில் டத்தோ பால்மரத்துக்குள் உலாத்த வருவார் என்று கம்பத்தில் சொன்னது மட்டும் மண்டைக்குள் ஓடியது. கொஞ்ச நாள் முன்புதான் கம்பத்து ஆடு ஒன்று காணாமல் போயிருந்தது. மரங்களுக்கு நடுவே பனியில் என்னவோ அசைந்த மாதிரி இருந்தது. பன்றியோ, வெறும் பனியோ, எனக்குத் தெரியாது. பின்னால் வருகிறதா என்று கேட்கவும் காது இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைத் தின்னு, என்னைத் தின்னு என்று சொல்லிக்கொண்டே ஓடினேன்.

கொட்டகைக்கு வந்தேன். தூளி இருந்தது. பிள்ளை இல்லை.

தூளித் துணியை விரித்து விரித்துப் பார்த்தேன். இரண்டு கையாலும் உதறினேன், மடிப்பில் எங்கேயாவது ஒளிந்திருக்கிற மாதிரி. தரையில் கிடக்கிறாளா என்று மண்டியிட்டுத் தடவினேன். மூலையில் கம்பளியை இழுத்தேன். வெறும் சாக்கு மூட்டை. தரையில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்க்கக் கண் வரவில்லை. எனக்கு இன்றைக்கு இத்தனை வயதாகிறது. எத்தனையோ சாவு பார்த்துவிட்டேன், சண்டைக்காலத்து ஜப்பான்காரனைப் பார்த்துவிட்டேன். அந்த வெறும் தூளியைப் பார்த்தபோது இருந்த பயம் அதன்பிறகு எனக்கு வந்ததே இல்லை.

பெரட்டுக்களத்துக்கு ஓடித் தண்டவாளத்தை அடித்தேன். கம்பியை எடுத்து அடித்தேனே, அந்தச் சத்தம் மட்டும் என் காதிலும் விழுந்தது. அடித்துக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை.

ஒரு கதவு திறக்கவில்லை. ஒரு விளக்கு எரியவில்லை. பலபலவென்று விடிகிறது, இத்தனை சனம் உள்ளே விழித்துக்கொண்டு கிடக்கிறது, எனக்குத் தெரிகிறது. பலகை இடுக்கில் கண் தெரிகிறது. ஆனால் யாரும் வரவில்லை. ஏன் என்று எனக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நானே சூடம் அணைத்த சத்தியம். எல்லாரும் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

கம்பியைப் போட்டுவிட்டு லயத்துக்கு ஓடினேன். ஒவ்வொரு கதவாக இடித்தேன். அஞ்சலை வீட்டுக் கதவை இடித்தபோது உள்ளேயிருந்து அவள் கத்தினாள். அவள் தொண்டை கொய்னாவையும் மீறிக் கேட்கிற தொண்டை. "அடி செருப்பால! ஒனக்குக் கங்காணி வேல குடுத்துட்டாங்களா? சாமி முன்னால சூடம் அணைச்சியே, மறந்து போச்சா? போடி!"

"அஞ்சல, எம் புள்ளயக் காணோம்!" என்றேன்.

உள்ளே தாழ்ப்பாள் திறந்தது. அவள் கதவு திறந்ததும் பக்கத்துக் கதவு, அதற்கடுத்த கதவு என்று லயம் முழுக்கத் திறந்துகொண்டது. ஆண்கள் கத்தியை எடுத்தார்கள், பெண்கள் டத்தோவை விரட்டத் தட்டுவதற்குத் தகரத்தை எடுத்தார்கள். கங்காணி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "எவடி அவ, உத்தரவு இல்லாம மணி அடிச்சவ?" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி ஐயாவும் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், ஜோகூர் பாருவில் ராஜா பிறந்தநாள் அலங்காரம் பார்க்கப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, ஒரு கன்னத்தில் சவரச் சோப்பு அப்படியே இருந்தது. "என்ன, பிள்ளையைக் காணேல்லையோ? ஐயோ கடவுளே! எல்லாரும் நிண்டு பாக்காதையுங்கோ. பாதிப் பேர் காட்டுப் பக்கம் போங்கோ, மிச்சப் பேர் ஓடைப் பக்கம் போங்கோ!" துரை அறிந்தால் என்ன ஆகுமோ என்று நடுங்குகிற மனிதர் அவர். அன்றைக்குத் துரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அஞ்சலை என் கையைப் பிடித்து ஓடைப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினாள். தகரத்தைத் தட்டிக்கொண்டே ஓடினாள். எனக்குக் கால் தரையில் படவில்லை.

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டுக்காரர். ஓடையைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இடுப்பு வரைக்கும் ஈரம். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டே போனால், அவர் போட்டிருந்த சட்டைக்குள் எங்கள் மகள். விரலைச் சூப்பிக்கொண்டு தூங்குகிறாள்.

நான் அப்படியே மண்ணில் விழுந்தேன். அவர் என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி என் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முழங்காலை, பிறகு கையை. மனுஷிதானா என்று பார்க்கிற மாதிரி. அப்புறம் அழுதார் பாருங்கள், என் ஆயுசில் ஓர் ஆண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். அஞ்சலையும் அழுதாள். பிள்ளை விழித்துக்கொண்டு அதுவும் அழுதது.

நடந்தது இதுதான். புகைக்கூட்டிலிருந்து திரும்பியவர், லீவு நாளில் ஆயாக்கொட்டகையில் பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறார். யார் பிள்ளை என்று எட்டிப் பார்த்தால் தன் பிள்ளை. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினால் கதவு திறந்து கிடக்கிறது, படுக்கையில் நான் இல்லை. காய்ச்சல் தலைக்கேறிவிட்டது, பிள்ளையைக் கொட்டகையில் போட்டுவிட்டு அந்த மனிதரைப் போலவே ஓடைக்குப் போய்விட்டாள் என்று நினைத்திருக்கிறார். யாரையும் எழுப்பத் தோன்றவில்லை. பிள்ளையைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு, தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவிக்கொண்டிருந்திருக்கிறார். அப்போதுதான் நான் மணியை அடித்தேன்.

"மணி அடிச்சாங்கல்ல," என்றார். "நீ கெடச்சுட்டேன்னு நெனச்சேன். தூக்கத்தான் ஆள் கூப்புடுறாங்கன்னு."

"அப்ப வந்து பாக்க வேண்டாமா நீ?" என்று அஞ்சலை அழுகையோடு அழுகையாக அவரை ஏசினாள்.

"வந்தா பாக்கணுமே," என்றார்.

லயத்தில் கிடந்தவர்களுக்கு அந்த மணி துரையின் மணி. அவருக்கு அது என் சாவு மணி. நான் அடித்ததோ பிள்ளைக்கு. கொஞ்சம் கழித்து, யாரும் கேட்காமலே அவர் சொன்னார். "நேத்து பெரட்டுல லீவு சொன்னாங்க. ஒங்கிட்ட சொல்லிட்டுப் போவணும்னுதான் கிட்ட வந்து ஒக்காந்தேன். அசந்து தூங்கிட்டு இருந்தே. எழுப்ப மனசு வரல."

அன்றைய லீவு லீவாகவே கழிந்தது. துரை முந்தின நாளே ஜோகூர் பாருவுக்குப் போய்விட்டதால் மணி அவர் காதில் விழவில்லை. ஆபீஸ் முன்னால் கொடி ஏறிற்று, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள், ஆண்கள் கள்ளுக்கடையில் ராஜாவை வாழ்த்திவிட்டுத் தள்ளாடி வந்தார்கள். எனக்கு 'லீவுக்காரி' என்று பேர் விழுந்தது. சூட்டியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லீவு நாளில் மரம் வெட்டின ஒரே ஆள், துரைக்கு இவள்தான் செல்லப்பிள்ளை என்று அஞ்சலை வாரிக்கொண்டே இருப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் அவள் அன்றைக்குத் தாழ்ப்பாளைத் திறந்ததற்காக அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். எங்கள் மகள் இப்போது கெலாங் பாத்தாவில் இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவளுக்கு இது வேடிக்கை. "அலமாக், அம்மா! வாளிய மறக்கலயாம், என்னயப் போட்டுட்டுப் போய்ட்டாங்களாம்!" என்று தன் சம்பந்தி வீட்டில்கூடச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். சிரிக்க அவள் இருக்கிறாளே.

மரப்பாலத் தோட்டத்தில் இப்போது பால்மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் செம்பனை. லயத்தை இடித்துவிட்டார்கள். ஆயாக்கொட்டகை இருந்த இடம் எதுவென்று போன முறை போனபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. தண்டவாளத் துண்டை யாரோ பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். அஞ்சலை சண்டைக்காலத்துக்குப் பிறகு லாபிஸ் பக்கம் போய் அங்கேயே கண்ணை மூடினாள். சூடம் அணைத்த கைகளில் இப்போது மிச்சம் என் கை ஒன்றுதான் என்று நினைக்கிறேன். லீவு மட்டும் பெருகிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் திங்கட்கிழமை ஈடு கொடுக்கிறார்கள். ஈடு என்ற வார்த்தை எங்களுக்கு எதிராக இருந்தது போய் இந்தப் பக்கம் வந்துவிட்டது. நல்லதுதான். பிள்ளைகள் எல்லாரும் காரில் ஏறி சிங்கப்பூருக்கோ கடற்கரைக்கோ போய்விடுகிறார்கள். லீவு நாளில் பயப்பட என்ன இருக்கிறது அவர்களுக்கு?

எங்கள் வீட்டுக்காரருக்குத்தான் அந்தப் பயம் போகவே இல்லை. அந்த ராஜா பிறந்தநாளுக்குப் பிறகு எந்த லீவையும் என்னிடம் சொல்லாமல் அவர் விட்டதில்லை. முந்தின ராத்திரி நான் தூங்கிப்போயிருந்தாலும் தோளை உலுக்கி எழுப்புவார். "இந்தா, நாளைக்கு லீவு. தெரியுமில்ல?" தெரியும் என்று நான் வாயைத் திறந்து சொன்னால்தான் விடுவார். தோட்டத்தில் இருந்த வரைக்கும் அதற்கு அர்த்தம் இருந்தது. தோட்டத்தை விட்டு குளுவாங்குக்கு வந்து, இரண்டு பேருக்கும் வேலையே இல்லாமல் போன பிறகும் எழுப்பினார். "நமக்கென்ன லீவு, நாம எந்த ஆபீசுக்குப் போறோம்? தூக்கத்தைக் கெடுக்காதீங்க!" என்று எரிந்து விழுவேன். "சொல்லிட்டேன்," என்பார். திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அவர் போய்ச்சேர்ந்த பிறகு முதலில் வந்த லீவு தீபாவளி. முந்தின ராத்திரி படுத்தேன். தூக்கம் வரவில்லை. ரொம்ப நேரம் அப்படியே கிடந்தேன். பிறகு, தூங்கினால்தானே எழுப்புவார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டும் பார்த்தேன்.